பழுது பார்ப்பதும் மாற்றிப் படைப்பதும்

மாட்டு வண்டியின் சக்கரம் தேய்ந்தால் வேறு சக்கரம் பூட்டுகிறோம். ஏரின் கொழு மழுங்கினால் கொல்லனிடம் கொடுத்து மாற்றுகிறோம். கைக்கடிகாரத்தின் வில் அறுந்தால் புதிய வில் வருகிறது. இவற்றிலெல்லாம் தத்துவச் சிக்கல் எதையும் யாரும் காண்பதில்லை. ஆயின், ஒன்றன்பின் ஒன்றாக எல்லா உறுப்புகளையும் மாற்றி முடித்த பின்னர் நம் முன்னே நிற்பது அதே பொருள்தானா என்று ஒருவர் கேட்டுவிட்டால், விடை சொல்லத் தடுமாறுகிறோம். பண்டைக் கிரேக்கர் தீசியஸின் கப்பலை முன்னிறுத்தி இக்கேள்வியைக் கேட்டனர். புளூட்டார்க் அதை எழுதி வைத்தார். பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பலா, புதிய கப்பலா? ஈராயிரம் ஆண்டுகளாகியும் இவ்வழக்கு தீர்ந்தபாடில்லை.

இதே கேள்வியை ஒரு பழைய கணிப்பொறியை முன்னிறுத்திக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. காரணம் உண்டு. கப்பல் என்பது பலகைதான். அதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. கணிப்பொறியோ இரு பகுதியாக இருக்கிறது. கையால் தொடக்கூடிய உடல் ஒன்று. அவ்வுடலுக்குள் ஓடுகின்ற, ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிய எழுத்து மற்றொன்று. உடலைப் புதுப்பிக்கும்போது எழுத்துக்கு என்ன நேருகிறது என்பதைக் கப்பலை வைத்துக் கேட்க இயலாது.

1980களில் வீட்டுக் கணிப்பொறிகள் என்று ஓரினம் தோன்றியது. தட்டச்சு விசைப்பலகையும் பொறியும் ஒரே பெட்டியாக இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியே திரை. பாட்டுக் கேட்கும் கேசட்டிலேயே நிரல்களைப் பதிந்து வைப்பார்கள். 1981 டிசம்பரில் இங்கிலாந்தின் ஏகான் நிறுவனம் பிபிசி மைக்ரோவையும், 1982 ஏப்ரலில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தையும், அதே ஆண்டில் அமெரிக்காவின் காமடோர் நிறுவனம் 'காமடோர் 64'ஐயும் சந்தைக்குக் கொண்டுவந்தன. நம் நாட்டில் இவற்றை வீட்டுக்கு வாங்கியவர் மிகச் சிலரே. ஆனால் பிபிசி மைக்ரோ வேறு வழியாக வந்தது. 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டம் அப்பொறியையே தேர்ந்தெடுத்தது. முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு அது சென்று சேர்ந்தது. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், அப்பொறியை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தானும் தயாரித்தது. இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்களில் சிலர் முதன்முதலாகத் தொட்ட கணிப்பொறி அந்த வெளிர்நிறப் பெட்டியும் சிவப்பு விசைகளுமாகத்தான் இருந்திருக்கும்.

அப்பொறிகளில் ஒன்று, போரூருக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே மெட்ரோ ரயிலுக்காகத் தூண்கள் வரிசையாக எழுந்து நிற்கும் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே, காட்டுப்பாக்கத்தில் ஒரு வீட்டில் இருக்கிறது. அவ்வீட்டுக்காரர் என் நண்பர். அவருடைய தந்தையார் கணித ஆசிரியர்; இப்போது மர்ஹூம். அவர் பணியாற்றிய பள்ளி பழைய பொறிகளைக் கழித்துக் கட்டி ஏலம் விட்டபோது, தாம் பல ஆண்டுகள் கையாண்ட பொறியைத் தாமே ஏலத்தில் எடுத்து வந்தார். அதனுடன் எட்டு நெகிழ்வட்டுகள். அவற்றில் அவர் தம் மாணவர்களுக்காக எழுதிய பாடநிரல்கள். அவர் மறைந்த பின் பொறி அலமாரியின் மேல்தட்டில் துணி மூடிக் கிடந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு நண்பர் அதை இறக்கி மின்சாரம் கொடுத்தபோது, சில நிமிடங்களில் பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது.

புகை வந்ததில் வியப்பொன்றும் இல்லை. அக்காலப் பொறிகளின் மின்வழங்கியில், மின்கம்பியின் இரைச்சலை வடிகட்ட ஒருவகைக் கண்டென்சரை வைத்திருப்பார்கள். வயதாக ஆக அதன் மேலுறை வெடித்து, காற்றின் ஈரம் உள்ளே புகுந்துவிடும். மின்சாரம் பாய்ந்ததும் புகைந்துபோகும். பொறியின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் தப்பிவிடும். சென்னையின் ஈரக்காற்றில் இது நிகழாதிருந்தால்தான் வியப்பு.

நண்பர் பொறியைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனார். அங்கே பழுது பார்க்கும் இளைஞர் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பாய், இந்தக் கண்டென்சரை மாத்திக் கொடுத்துடறேன், ஓடும். ஆனா எதுக்கு வீண் செலவு? உள்ளே இருக்கிறதையெல்லாம் எடுத்துட்டு ஒரு ராஸ்பெரி பை போர்டு வெச்சுடலாம். வெளியே பார்த்தா பழசு, உள்ளே புதுசு. டிவியில நேரா மாட்டிக்கலாம்." நண்பர், "தம்பி, யோசித்துச் சொல்கிறேன்" என்று கூறிவிட்டு வந்துவிட்டார். அந்த யோசனைதான் என் வீடு வரை வந்தது.

அந்த இளைஞரின் பேச்சைக் கேட்டு முகஞ்சுளிப்பது எளிது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உலகெங்கும் பழைய பொறிகளை நேசிப்பவர்கள் இன்று செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் அதைப் போன்றதே. நெகிழ்வட்டு இயக்கியை எடுத்துவிட்டு விரல் நீள நினைவுக்குச்சி செருகும் மாற்று இயக்கியைப் பொருத்துகிறார்கள். கேசட்டுக்குப் பதிலாக நினைவட்டை. பழைய பொறியின் படத்தை இன்றைய தொலைக்காட்சி ஏற்காததால், அதை மொழிபெயர்த்துத் தர ஒரு சிறு பலகை. 16 கே நினைவகம் இருந்த இடத்தில் 48 கே. 48 இருந்த இடத்தில் 128. செயலியின் வேகம் பத்து மடங்கு, நூறு மடங்கு. இவர்கள் யாரும் பழைமையை வெறுப்பவர்கள் அல்லர். பழைமையின் மீது கொண்ட பற்றினால்தான் இவ்வளவு பொழுதையும் பொருளையும் செலவிடுகிறார்கள். ஆயின் பற்று மட்டுமே ஒரு செயலை நேர்மையானதாக ஆக்கிவிடுமா?

எதிர்ப்புறத்தில் தூய்மைவாதிகள் நிற்கிறார்கள். ஒரு திருகாணியைக்கூட மாற்றலாகாது என்பார்கள். புதிய கண்டென்சர் பொருத்திய பொறி பொய்ப்பொறி என்பார்கள். அவர்கள் கூற்றில் ஒரு பங்கு உண்மை இருப்பதை மறுப்பதற்கில்லை. மாற்றி எறியப்பட்ட ஒவ்வோர் உறுப்பும் ஒரு சாட்சி. ஸ்பெக்ட்ரம் பொறியின் வரலாற்றைப் பாருங்கள். அதன் 48 கே வகையில் மேல்நிலை நினைவகத்துக்கு வைக்கப்பட்ட சில்லுகள் உண்மையில் 64 கிலோபிட் சில்லுகள். உற்பத்தியில் ஒரு பாதி பழுதாகிப் போனவை. நல்ல பாதியை மட்டும் பயன்படுத்துவதென்று, அவற்றைப் பாதிக் கொள்ளளவு உள்ளவையாகக் குறைந்த விலைக்கு வாங்கினார் சின்க்ளேர். ஏழை எளிய பிள்ளைகளின் கைக்கும் எட்டவேண்டும் என்று விலையைக் குறைத்த ஒரு மனிதரின் கணக்கு, அந்தப் பாதிச் சில்லுகளில் எழுதப்பட்டிருக்கிறது. இன்று அவற்றைப் பிடுங்கி முழுமையான சில்லுகளைப் பொருத்துகிறவர் பொறியை மேம்படுத்துகிறார் என்பது மெய்யே. அந்தக் கணக்கை அழிக்கிறார் என்பதும் மெய்யே.

இருந்தும் தூய்மைவாதிகளுடன் என்னால் முழுவதும் உடன்பட இயலவில்லை. கணிப்பொறி என்பது ஓடும்போதுதான் கணிப்பொறி. மின்சாரமே ஏற்றாமல் கண்ணாடிப் பேழையில் வைத்த பொறி ஒரு பெட்டி, அவ்வளவே. மேலும், மாற்றமே ஆகாது என்று அப்பொறியைப் படைத்தவர்களே நினைக்கவில்லை. பிபிசி மைக்ரோவில் 16 கே நினைவகம் உள்ள ஏ வகை, 32 கே உள்ள பி வகை என இரண்டு விற்கப்பட்டன. ஏ வகையை வாங்கியவர் பின்னர் சில்லுகளைச் சேர்த்து அதைப் பி வகையாக உயர்த்திக்கொள்ளலாம். பலகையில் கூடுதல் நிரல் சில்லுகளுக்கென்று வெற்றுக் குழிகளை விட்டுவைத்தார்கள். பெட்டியின் அடிப்புறத்தில் வரிசையாக வாயில்கள். அவற்றுள் 'டியூப்' என்ற ஒன்று, பின்னாளில் வரப்போகும் இரண்டாவது செயலி எதுவாயினும் வந்து இணையட்டும் என்று திறந்து வைத்த வாயில்.

அவ்வாயிலின் வழியே வந்ததைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது தகும். கேம்பிரிட்ஜில் அப்பொறியை உருவாக்கிய அணியில் இருந்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் பின்னர் ஆர்ம் என்னும் புதிய செயலியை வடிவமைத்தனர். 1985 ஏப்ரல் 26ஆம் நாள் முதல் ஆர்ம் சில்லு உயிர்பெற்று ஓடியது. அது ஓடியதும் பிபிசி மைக்ரோவின் டியூப் வாயிலில் துணைச் செயலியாக இணைக்கப்பட்டுத்தான். இன்று உலகின் கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றுள் இருப்பது அதன் வழித்தோன்றல். 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியிலும் அதுவே. அதன் வகைகளுக்கு ஏ, பி என்று பெயரிட்டதே பிபிசி மைக்ரோவின் நினைவாகத்தான். இப்போது அந்த ராஸ்பெரி பையைப் பழைய பிபிசி மைக்ரோவின் டியூப் வாயிலில் மாட்டித் துணைச் செயலியாக ஓட்டுகிறார்கள். பழைய செயலியின் நடையையே அது பிசகாமல் நடித்துக் காட்டுகிறது; ஆனால் நூறு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில். பேரன் வந்து பாட்டனாரின் கையைப் பிடித்து நடத்துகிறான்.

ஆகவே, ரிச்சி தெரு இளைஞர் சொன்ன அதே ராஸ்பெரி பை இரண்டு விதமாக வீட்டுக்குள் வரலாம். குடலை உருவி எறிந்துவிட்டு, வெற்றுக் கூட்டுக்குள் குடியேறலாம். அல்லது பெட்டியைத் திறக்காமலே, படைத்தவர்கள் திறந்து வைத்த வாயிலில் விருந்தாளியாக வந்து நிற்கலாம். நாடாவைக் கழற்றினால் போய்விடும், பொறி பழைய பொறியாகவே இருக்கும். முன்னது சுவரை இடித்து நுழைவது. பின்னது கதவைத் தட்டி வருவது. பொருள் ஒன்றே, வந்த வழி வேறு. மேம்படுத்தலின் அறம் இந்த வழியில்தான் இருக்கிறது என்று நான் கருதினேன்; நண்பரிடமும் அப்படியே சொன்னேன். அவர் கண்டென்சரை மட்டும் மாற்றச் சொல்லி, கருகிய பழையதை ஓர் உறையிலிட்டு, மாற்றிய தேதியை மேலே எழுதிப் பெட்டியோடு வைத்துக்கொண்டார்.

இவ்விடத்தில் வாணிபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காமடோர் 64இன் இசைச் சில்லு இப்போது எங்கும் தயாரிக்கப்படுவதில்லை. ஆகவே நன்றாக ஓடும் பொறிகளையும் பிரித்து அச்சில்லை மட்டும் எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வேறு சில்லின்மேல் எண்ணை மாற்றிப் பொறித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே எல்லாம் புதிது, கூடு மட்டும் பழையது என்ற பொறியை 'அசல்' என்று விலை கூறுவதும் நடக்கிறது. சரக்கின் குறையை வாங்குபவரிடம் சொல்லாமல் விற்பது எத்தகைய செயல் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மேம்பாட்டையும் மறைக்கக் கூடாது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

நெகிழ்வட்டுகளுக்கு வருவோம். உடல் அழிந்தாலும் எழுத்தைப் பிரதி எடுத்துவிட்டால் போதாதா என்பது நியாயமான கேள்வி. நம் முன்னோர் ஓலைச் சுவடிகளை அப்படித்தான் காத்தார்கள். ஏடு செல்லரிக்கும் முன்பே வேறு ஏட்டில் எழுதினார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணம் கையிலிருந்து கைக்கு ஏடாக வந்து, 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவரின் முயற்சியால் அச்சேறியது. உமறு தம் கையால் எழுதிய ஏடு எங்கே என்று நாம் கேட்பதில்லை. காப்பியம் இருக்கிறது, அது போதும். மாறாக, எழுத்தை உடலோடு இறுகக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு. 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கு நூலின் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986இல் பிபிசி பத்து லட்சம் பேருக்கு மேல் பங்களித்த புதிய டூம்ஸ்டே ஒன்றை லேசர் வட்டுகளில் வெளியிட்டது. அதைப் படிக்கத் தனிப்பட்ட வட்டுப்பொறியும் பிபிசி மைக்ரோவின் வழிவந்த கணிப்பொறியும் வேண்டும். அவை அரிதாகிப் போக, பதினைந்தே ஆண்டுகளில் அதைப் படிப்பது பெரும்பாடாயிற்று. 2002 வாக்கில் ஆய்வாளர்கள் பழைய பொறியின் நடையைப் புதிய பொறியில் நடித்துக் காட்டும் நிரல் எழுதித்தான் அதை மீட்டனர். தோலில் எழுதிய பழைய நூலோ இன்றும் கண்ணால் படிக்கும் நிலையில் இருக்கிறது.

நண்பரும் பிரதி எடுத்தார். பூஞ்சை படிந்த வட்டுகளை மெல்லத் துடைத்து, ஏழினைப் படித்து நினைவட்டையில் ஏற்றிவிட்டார். எட்டாவதின் உறையில் மதிப்பெண்கள் என்று எழுதியிருந்தது. அதைப் படிக்க முயலவே இல்லை. பிறர் பிள்ளைகளின் மதிப்பெண்கள் ஆசிரியரிடம் இருந்த அமானிதம். அது பிள்ளைகளுக்கும் அவருக்கும் இடையே உள்ளது என்றார் அவருடைய தாயார். காப்பதெல்லாம் நன்மையன்று என்பதை அந்த அம்மையார் சொல்லித்தான் நான் எண்ணிப் பார்த்தேன்.

மீண்ட நிரல்களில் ஒன்று பின்னங்களைக் கற்பிப்பது. அதற்கு உதாரணமாக ஆசிரியர் எடுத்துக்கொண்டது பராயிள், அதாவது பாகப்பிரிவினை. இறந்தவருக்கு மனைவி, தாய், இரு பெண்மக்கள், ஒரு சகோதரர். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, எஞ்சியது சகோதரருக்கு. அப்பொறி எண்களை இரட்டைமானத்தில் வைத்துக்கொள்வதால் எட்டில் ஒன்றைத் துல்லியமாக ஏற்கும். ஆறில் ஒன்றையும் மூன்றில் இரண்டையும் ஏற்க முடியாது, கடைசி இலக்கங்களில் பிசகும். சொத்தில் ஒரு காசு எங்கோ காணாமற்போகும். ஆகவே அவர் தசமத்தை நாடவில்லை. முழுமையும் 24 பங்கு என்று கொண்டு, முழு எண்களிலேயே கணக்கை நடத்தினார்: 3, 4, 16, எஞ்சியது 1. பழைய அறிஞர்கள் ஏட்டில் கணக்கிட்ட அதே வழி. பொறியின் குறை அவரை அவ்வழிக்குத் திருப்பிவிட்டது என்பதைப் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

இன்னொன்று. பொறிக்குத் தமிழ் தெரியாது. எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் தாமே எழுத்துகளை வரைந்திருந்தார் ஆசிரியர். 'ஞ' ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் இரண்டைப் பிடித்தது. அவ்வாறு வரையக்கூடிய திரைநிலைகளில் சில, 32 கே நினைவகத்தில் 20 கேயைத் திரைக்கென்றே விழுங்கிவிடும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அந்த மொத்த நினைவகத்தைப் போல் நூறு மடங்கு இருக்கும். எஞ்சிய சிற்றிடத்தில் நிரலை அடக்க, மாறிகளுக்கு ஒற்றை எழுத்துப் பெயர்கள் வைத்தார். விளக்கக் குறிப்பு ஒன்றுகூட எழுதவில்லை. நினைவகத்தைப் பெருக்கிய பொறியில் இந்நிரலைப் பார்ப்பவர், இவர் ஏன் இவ்வளவு இறுக்கி எழுதினார், கஞ்சத்தனமா என்றுதான் நினைப்பார். இடம் பெருகிய வீட்டில் இருந்துகொண்டு, ஒரே அறையில் பத்துப் பேரை வளர்த்தவளின் சிக்கனத்தை எள்ளுவது போன்றது அது.

கதவைத் தட்டி வரும் விருந்தாளியிடம் தீங்கில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா? அக்கருத்துக்கு ஒரு சோதனை இங்கே வந்தது. நண்பரின் மகன் ராஸ்பெரி பையை டியூப் வாயிலில் இணைத்து, பாட்டனாரின் நிரலை ஓட்டினான். திரையில் ஏதோ பளிச்சிட்டது; பாடம் முடிந்துவிட்டது. பொறி பழுதில்லை, விடையும் பிழையில்லை. நடந்தது இதுதான்: வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒரே பொறி. ஆகவே கேள்வியைத் திரையில் காட்டியபின், விடையின் ஒவ்வொரு படிக்கும் முன்னால் பிள்ளைகள் யோசிக்கட்டும் என்று ஆசிரியர் ஓர் இடைவெளி விட்டிருந்தார். ஒன்றிலிருந்து ஐயாயிரம் வரை வெறுமனே எண்ணும் சுற்று ஒன்றை எழுதி அந்த இடைவெளியை உண்டாக்கியிருந்தார். பழைய செயலிக்கு அது சில நொடிகளின் வேலை. புதிய செயலிக்கு இமைப்பொழுதும் இல்லை.

ஓர் எழுத்தும் மாறவில்லை; ஆனால் ஆசிரியர் மாணவர்களுக்குக் கொடுத்த அவகாசம் முழுவதும் போய்விட்டது. அது நிரலில் எழுதப்பட்டிருக்கவில்லை. பொறியின் மந்த நடையை நம்பி எழுதப்படாமல் விடப்பட்டிருந்தது. ஏட்டைப் பிரதி செய்யும்போது காப்பியத்துக்கு இந்த இழப்பு நேர்வதில்லை. கதவு வழியாக வந்த விருந்தாளியும் வீட்டின் நடைமுறையைக் குலைக்கக் கூடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனவே கழற்றி எடுக்கக்கூடியதா என்பது மட்டும் போதாது. அப்பொருளின் போதாமையை நம்பி யாரேனும் எதையாவது அதில் வைத்துப் போயிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பொறியை மட்டும் பார்த்தால் இது தெரியாது. நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும், எழுதியவரை அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மகன் ஐயாயிரத்தை ஐந்து லட்சம் என்று திருத்திவிடலாம் என்றான். "அத்தா எழுதியதில் நாம் கைவைப்பதா?" என்றார் நண்பர். நிரலை மாற்றாவிட்டால் புதிய செயலியில் அது ஊமை. மாற்றினால் அது முழுக்க அவருடையது அன்று. இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூலத்தை அப்படியே பூட்டி வையுங்கள், பழைய செயலியில் அது பழையபடி ஓடட்டும். பிரதி ஒன்றில் எண்ணை மாற்றுங்கள், மாற்றியதை மறைக்காதீர்கள் என்றேன். ஏடு எழுதியவர்கள் முடிவில் தம் பெயரையும் நாளையும் குறிப்பதில்லையா?

அன்றிரவே பையன் பிரதியின் தலையில் 'ரெம்' என்னும் குறிப்பு வரி ஒன்றைச் சேர்த்தான்: எந்த வரியில் எந்த எண் மாற்றப்பட்டது, என்றைக்கு, யாரால். பாட்டனார் தம் நிரலில் ஓரிடத்திலும் தமக்கு அனுமதித்துக்கொள்ளாத குறிப்பு அது. நாற்பது பைட் ஆயிற்று.